போத்தலை மறைக்காதீர்கள்

கெடா மாநிலத் தோட்டங்களிலும் தாமான்களிலும் நாய் வளர்க்கும் என் சொந்தங்களுக்கு,



சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு கால்நடை கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். ஊசி போடுவதும் மருந்து எழுதுவதும் டாக்டரம்மா. நாயை நிறுப்பது, பிடித்துக்கொள்வது, அட்டையில் பெயர் எழுதுவது, அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது என் வேலை. இந்த மடலில் நான் சொல்வதெல்லாம் டாக்டரம்மா பக்கத்தில் நின்று பார்த்துக் கேட்டுப் படித்துத் தெரிந்துகொண்டவை.

போன முறை ரப்பர் மரங்கள் இலை உதிர்த்த காலத்தில் ஒரு காலை. கிளினிக் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பீடோங்கைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு தோட்டத்திலிருந்து ஓர் அண்ணன் மோட்டாரில் வந்து இறங்கினார். முன்னால் கூடை, கூடைக்குள் சாக்கு, சாக்கின் மேல் ஒரு செவலை நாய். அதன் உடம்பு உதறிக்கொண்டே இருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது. டாக்டரம்மா கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

“என்ன போட்டீங்கண்ணே?”

“ஒன்னும் போடலைங்க டாக்டர். நேத்து ராத்திரி குளிப்பாட்டினேன், அவ்வளவுதான்.”

“சவர்க்காரமா, ஷாம்புவா?”

“சவர்க்காரந்தான்.”

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே பதில். அப்போது அந்த அண்ணனுடைய கைப்பேசி அலறியது. மகள். “அப்பா, அந்த மருந்து போத்தல மூடாமயே வெச்சிட்டுப் போய்ட்டீங்க, தம்பி எடுக்கப் பாத்தான்” என்று அவள் சத்தம் போட்டது அந்தச் சின்ன அறையில் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. அந்த அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மாட்டு உண்ணிக்குக் கலக்கும் பூச்சிமருந்து. தெரிந்தவர் ஒருவர் கொடுத்த மீதி. அளவு தெரியாது. தண்ணீரில் ஊற்றி நாயின் உடம்பு முழுக்கத் தேய்த்திருக்கிறார். நாய் அதை நக்கியிருக்கிறது.

அதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. அந்தப் பூச்சிமருந்துக்கு முறிவு மருந்து உண்டு. போட்டோம். உடம்பைப் பாத்திரம் கழுவும் சோப்பால் திரும்பத் திரும்பக் கழுவினோம். பகல் பன்னிரண்டு மணிக்கு நாயின் உயிர் அடங்கிவிட்டது.

அவர் கெட்டவர் இல்லை. வேலைக்குப் போகாமல் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, நாயைக் கூடையில் வைத்துப் பதினைந்து கட்டை ஓட்டி வந்தவர். அன்போடுதான் தேய்த்திருக்கிறார். வெட்கப்பட்டுத்தான் மறைத்திருக்கிறார். அவர் முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இந்த மடல்.

நம் பேச்சில் எல்லாவற்றுக்கும் மருந்து என்ற ஒரே சொல்தான். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, லாலாங் புல்லுக்கு அடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொல் எங்கிருந்து பழகியது என்று எனக்குத் தெரியும். என் அம்மா முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு பதினேழு வருடம் மருந்தடித்தவர். கைநகங்கள் மஞ்சளாகிப் பிறகு கறுத்துப் போயின. சில நாள் காலையில் மூக்கிலிருந்து இரத்தம் வரும். இப்படிப்பட்ட பெண்களின் நிலையை, பெண் தொழிலாளர்களுக்காகப் போராடும் தெனாகனித்தா அமைப்பும் அதை நடத்திய மறைந்த ஐரின் பெர்னாண்டஸும் 2002-இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டார்கள். அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்குத் தடை அறிவித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி முதல் நாள்தான் முழுத்தடை வந்தது.

எங்கள் நாயின் பெயர் வீரன். அம்மா வேலை முடிந்து வரும்போது பாலத்தடியிலேயே ஓடிப்போய்க் காலைச் சுற்றும். “தள்ளிப் போடா, குளிச்சிட்டு வர்றேன்” என்று விரட்டிவிட்டுப் பைப்படிக்குப் போவார். குளித்து உடுப்பு மாற்றிய பிறகுதான் அதைத் தொடுவார். பக்கத்து லயத்தில் ஒருவர் தோட்டத்து மருந்தை நாய்க்குப் பூசப் போனபோது, “மனுசனுக்கே ஆவாத சாமான வாயில்லா ஜீவனுக்குப் போடாதீங்க” என்று அம்மா சண்டை போட்டது எனக்கு நினைவிருக்கிறது. படிக்காதவர். ஆனால் எந்த மருந்து எதற்கு என்ற வித்தியாசம் அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

அதனால் எங்கள் வீட்டில் உண்ணி எடுப்பது அப்பாவின் கைவேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சடியில் உட்கார்ந்து, பால்டின்னில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டு, வீரனை மடியில் சாய்த்துக்கொள்வார். காதுமடலின் உள்பக்கம், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் என்று தேடித் தேடி எடுப்பார். டின்னில் முப்பது நாற்பது சேரும். அடுத்த ஞாயிறும் அதே முப்பது நாற்பது. “எங்கேர்ந்துதான் வருதோ” என்பார். அப்பாவுக்குக் கடைசிவரை அது விளங்கவில்லை.

அவை வீட்டிலிருந்துதான் வந்தன.

நம் நாய்களில் நாம் பெரும்பாலும் பார்ப்பது பழுப்பு நாய் உண்ணி. இது காட்டில் புல் நுனியில் காத்திருக்கும் வகை இல்லை, வீட்டோடு குடியிருப்பது. குஞ்சாக இருக்கும்போது நாய்மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும். சுவர் இடுக்கில் ஒளிந்து தோல் உரிக்கும். மறுபடி ஏறும், குடிக்கும், விழும். வளர்ந்தபிறகு மூன்றாம் முறை ஏறும். வயிறு நிறைந்த பெட்டை உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவரில் மேலே மேலே ஏறி, ஒரு பிளவில் நாலாயிரம் முட்டை வரை இட்டுவிட்டுச் செத்துப்போகும். நம் ஊர் வெயிலில் இந்தச் சுற்று இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். உணவே கிடைக்காவிட்டாலும் வளர்ந்த உண்ணி மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். லயத்துப் பலகைச் சுவர், தாமான் வீட்டுக் கதவுச் சட்டம், திரைச்சீலையின் மேல்மடிப்பு, கட்டிலின் அடிப்பலகை, நாய்க்கூண்டின் கம்பி இணைப்பு எல்லாம் அதற்கு வீடு. நாய்மேல் நாம் பார்ப்பது கொஞ்சம். சுவருக்குள் இருப்பது ஏராளம். இரத்தம் குடித்து ஊதிய உண்ணி ஆமணக்கு விதைபோல் இருக்கும். லத்தீன் மொழியில் உண்ணிக்கும் ஆமணக்குக்கும் ஒரே பெயர் என்று படித்தபோது, யாரோ நம்மைப்போல் நாயை மடியில் போட்டுப் பார்த்தவர்தான் அந்தப் பெயரை வைத்திருப்பார் என்று தோன்றியது.

தெள்ளுப்பூச்சியின் கதையும் இதுதான், வேகம் மட்டும் அதிகம். ஒரு பெட்டைத் தெள்ளு ஒரு நாளில் நாற்பது ஐம்பது முட்டை இடும். முட்டை நாயின் முடியிலிருந்து உதிர்ந்து பாயிலும் தரையிலும் விழும். கூட்டுப்புழுவாக மாறியபிறகு அசைவும் சூடும் தெரியும்வரை உள்ளேயே படுத்திருக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்ததும் கணுக்காலில் தெள்ளு மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் காலடி அதிர்வுதான் அவற்றை எழுப்பியது. நாய்க்குத் தெள்ளு இருக்கிறதா என்று சந்தேகமா? இடுப்புக்கு மேலே, வால் தொடங்கும் இடத்தில் நெருக்கமான சீப்பால் சீவுங்கள். உதிர்கிற கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் திசுத்தாளில் போட்டு ஒரு நிமிடம் பாருங்கள். மண்ணானால் மண்ணாகவே இருக்கும். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, உங்கள் நாயின் இரத்தம். நாய் கடித்துக் கடித்துத் தெள்ளை விழுங்கும்போது நாடாப்புழுவும் வயிற்றுக்குள் போகும்.

இவற்றின் கெடுதல் அரிப்போடு போவதில்லை. நம் கிளினிக்குகளில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று சொல்லப்படுவது உண்ணி பரப்பும் சில கிருமிகளின் வேலை. எர்லிக்கியா என்பது வெள்ளணுக்களுக்குள் புகும் கிருமி. அது வந்தால் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துபோகும். பபேசியா சிவப்பணுக்களை உடைக்கும். 1960-களில் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் படையின் நாய்கள் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டிச் செத்தன. பிறகு வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கு மேல் அதே மாதிரிச் செத்தன. காரணம் இந்த எர்லிக்கியாதான் என்று பின்னால் தெரிந்தது. நல்ல தீனி, தனி மருத்துவர், காவலுக்கு ஆள் என்று எல்லாம் இருந்த நாய்கள் அவை.

உங்கள் நாய் இரண்டு நாள் சோறு வேண்டாம் என்றால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தாலோ, மஞ்சள் படிந்திருந்தாலோ, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ அன்றைக்கே கொண்டுவாருங்கள். எர்லிக்கியாவுக்கு நான்கு வாரம் விடாமல் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் தேறிவிடும். மூன்றாம் நாள் வாலாட்டுகிறது என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் அதே நாயோடு திரும்பி வருகிறார்கள்.

இனி எதை வாங்குவது என்ற கேள்வி. கிளினிக் மேசையில் இதைத்தான் தினம் கேட்கிறீர்கள். “நல்ல மருந்தா ஒன்னு குடுங்க” என்கிறீர்கள். நான் திருப்பிக் கேட்பேன்: நாய் எத்தனை கிலோ? எத்தனை மாதம்? வலிப்பு வந்ததுண்டா? வீட்டில் பூனை இருக்கிறதா? காட்டுக்குப் போகுமா, ஆற்றில் குதிக்குமா? இந்தப் பதில்கள் இல்லாமல் நல்ல மருந்து என்று ஒன்று கிடையாது.

எடை முதலில். கண்ணால் பார்த்துப் பத்து கிலோ என்பவர்களின் நாய் என் தராசில் பதினாறு காட்டும். வீட்டுத் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள், பிறகு நீங்கள் மட்டும் நில்லுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். பெரிய நாயானால் கட்டிப்பால் நிறுக்கும் தராசில் சாக்கு விரித்து நிறுத்தினாலும் சரிதான். எடை குறைவாகச் சொன்னால் மருந்து வேலை செய்யாது. கூடச் சொன்னால் நஞ்சாகலாம்.

இப்போது அதிகம் கொடுக்கப்படுவது மெல்லும் மாத்திரை. நெக்ஸ்கார்டும் சிம்பாரிக்காவும் மாதம் ஒன்று. பிராவெக்டோ மூன்று மாதத்துக்கு ஒன்று, அதுவும் சாப்பாட்டோடு. மூன்றும் ஒரே குடும்பத்து மருந்துகள். இரத்தத்தில் கலந்திருக்கும், கடிக்கிற உண்ணியின் நரம்பைத் தாக்கிக் கொல்லும். குளிப்பாட்டினாலும் மழையில் நனைந்தாலும் போகாது. உடம்பில் பூசுவது இல்லாததால் நாயைக் கட்டிக்கொண்டு தூங்கும் பிள்ளைகளுக்கும் பயமில்லை. என் கணக்கில் நம் வீடுகளுக்குப் பெரும்பாலும் பொருந்துவது இதுதான். ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2018 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தக் குடும்பத்து மருந்துகள் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு உண்டாக்கலாம் என்று எச்சரித்தது. மருந்தைத் தடை செய்யவில்லை. பெரும்பாலான நாய்களுக்குப் பாதுகாப்பானது என்றே சொன்னது. ஏற்கெனவே வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டி, சினையாக இருக்கும் நாய், பால் கொடுக்கும் நாய் என்றாலும் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

“மாத்திரை குடுத்தேன், இன்னும் உண்ணி ஊர்றத பாத்தேன்” என்று கோபத்தோடு வருகிறார்கள். உண்ணி வரத்தான் செய்யும். கடித்தால்தான் கொல்லும் மருந்து அது. சுவரிலிருந்து புதிதாக ஏறியவை கடித்து, செத்து விழும்வரை கண்ணில் படும். இரண்டு மூன்று மாதம் விடாமல் கொடுத்தால் சுவரில் இருக்கும் கூட்டமே வற்றும். ஒரு மாதம் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் விட்டால் அந்த இடைவெளியில் நாலாயிரம் முட்டை.

எர்லிக்கியாக் கிருமி உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே நாயின் உடம்புக்குள் போய்விடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே ஏற்கெனவே உண்ணிக் காய்ச்சல் வந்த வீட்டில், கடிக்கவே விடாமல் விரட்டும் வகை மருந்தையும் டாக்டர் சொல்லக்கூடும். ஃபுளுமெத்ரின் கலந்த கழுத்துப்பட்டை அப்படிப்பட்டது. எட்டு மாதம் வரை உழைக்கும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், தளர்வாகத் தொங்கக்கூடாது, மிச்ச நுனியை வெட்டிவிட வேண்டும். அடிக்கடி தண்ணீரில் இறங்கும் நாய்க்கு அவ்வளவு நாள் உழைக்காது. பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தும் விரட்டும். ஆனால் பூனை இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். பூனையின் உடம்பால் பெர்மெத்ரினைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. நாயின் முதுகில் போட்டதைப் பூனை உரசி நக்கினாலே வலிப்பு வந்து செத்துப்போகலாம். நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் பாதியைப் பூனைக்குப் போட்டு, அன்று இரவே பூனையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்த ஒரு பாட்டியை நான் மறக்கவில்லை.

ஃபிப்ரோனில் சொட்டு பலகாலமாக நம் கடைகளில் இருக்கிறது. தோள்பட்டைகளுக்கு நடுவே முடியை விலக்கித் தோலில் விட வேண்டும். முடிமேல் விட்டால் வீண். போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக்கூடாது. முயல் வளர்ப்பவர்கள் முயல் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மாதம் ஒரு மாத்திரை என்றால் நம்மில் பலருக்கு அது ஒரு நாள் கூலி. இலையுதிர் காலத்தில் ரப்பர் பால் குறைந்து கை சுருங்கும்போதுதான் வெயில் ஏறி உண்ணியும் பெருகுகிறது. இது எனக்குத் தெரியாத கஷ்டம் இல்லை. அதனால்தான் சிலர் பெரிய நாய் மாத்திரையை வாங்கி வெட்டி இரண்டு நாய்களுக்குக் கொடுக்கிறார்கள். மாத்திரையில் மருந்து சீராகப் பரவியிருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. ஒரு துண்டில் கூடவும் ஒரு துண்டில் குறையவும் இருக்கலாம். அதைவிட டாக்டரிடம் “என்னால இவ்வளவுதான் முடியும்” என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். விலை குறைந்த வேறு வழி இருந்தால் சொல்வார். இருக்கிற காசை ஷாம்பு, பவுடர், ஸ்பிரே, வாசனைத் தைலம் என்று நான்காகப் பிரிக்காமல் வேலை செய்கிற ஒன்றில் போடுவதே மிச்சம். உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனை, ஊசி, ஒரு மாத மாத்திரை என்று ஆகும் செலவோடு ஒப்பிட்டால் தடுப்புதான் மலிவு.

மலிவாகக் கிடைக்கிறது என்று கைப்பேசியில் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியைப் பாருங்கள். நம் நாட்டில் மருந்தாகப் பதிவானதற்கு எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் பளபளக்கும் ஹாலோகிராம் ஒட்டும் இருக்கும். பெட்டி இல்லாமல் தனி அட்டையாக வந்தாலும், எழுத்து மங்கியிருந்தாலும், காலாவதித் தேதி சுரண்டியிருந்தாலும் கொடுக்காதீர்கள்.

பாட்டி வைத்தியம் பற்றிக் கேட்பீர்கள். வேப்பிலை கொதிக்கவைத்த தண்ணீரில் குளிப்பாட்டுவது பெரிய கெடுதல் இல்லை. அதை நம்பி உட்கார்ந்திருப்பதுதான் கெடுதல். சுவருக்குள் இருப்பவற்றை வேப்பிலை தொடாது. புகையிலைத் தண்ணீர் நஞ்சு. மண்ணெண்ணெயும் லோரியில் வடித்த கறுப்பு எண்ணெயும் தோலைப் பொசுக்கும், நக்கினால் நுரையீரலும் ஈரலும் போகும். கற்பூரம், பாச்சா உருண்டை நஞ்சு. பூண்டைத் தீனியில் கலந்தால் உண்ணி ஓடும் என்று ஒருவர் சொல்ல இன்னொருவர் செய்கிறார்; பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைத் தெரிந்தவர் மூலம் வாங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மாட்டின் அளவுக்குச் செய்த மருந்தில் ஒரு சொட்டு கூடினாலும் சின்ன நாய்க்கு அதிகம். கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு அந்த மருந்து மூளைக்குள் புகாமல் தடுக்கும் மரபணுவே பழுதாக இருக்கும். நம் கலப்பு நாய்க்குள் யார் இரத்தம் ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்? அத்தனை ஆபத்தையும் ஏற்றாலும் அது உண்ணிக்கு நம்பத்தக்க மருந்தும் இல்லை.

காட்டுப்பன்றி வேட்டைக்கு நாய் கொண்டுபோகும் தம்பிமாருக்குத் தனியாக. செம்பனைக் காட்டிலும் மலையடிவாரத்திலும் இருப்பது வேறு உண்ணி. அது மனிதனையும் கடிக்கும். நம் நாட்டில் உண்ணி காதுக்குள் புகுந்து வலியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். திரும்பியதும் நாயை வீட்டுக்குள் விடுவதற்கு முன் வாசலிலேயே காது, அக்குள், விரலிடுக்கு பாருங்கள். உங்கள் உடம்பையும் பாருங்கள். உண்ணியை எடுக்கும்போது தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக, நிதானமாக இழுங்கள். தீக்குச்சி வைக்காதீர்கள், நகத்தால் நசுக்காதீர்கள். எடுத்ததைச் சவர்க்காரத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போட்டு மூடுங்கள்.

வீட்டுக்கும் வைத்தியம் வேண்டும். நாய் படுக்கும் சாக்கையும் துணியையும் வாரம் ஒருமுறை கொதிக்கும் தண்ணீரில் முக்கி நல்ல வெயிலில் காயப்போடுங்கள். பலகை இடுக்கையும் சிமெண்டு வெடிப்பையும் அடைத்துவிடுங்கள். கூண்டின் மூலைகளில் கொதிநீர் ஊற்றுங்கள். வீட்டுக்கென்று விற்கும் பூச்சிக்கொல்லியை அடிப்பதானால் நாய், பூனை, மீன்தொட்டி எல்லாவற்றையும் வெளியேற்றி, லேபிளில் சொன்ன அளவில் அடித்து, முழுக்கக் காய்ந்தபிறகு உள்ளே விடுங்கள். தோட்டத்து ஸ்டோர் போத்தல் வீட்டுக்குள் வரவே கூடாது.

தாமானில் நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். நம் பக்கத்து உண்ணி அந்தப் பக்கமும் ஏறும். அங்கே இருக்கும் மலாய்க்கார மக்சிக் நம்மிடம் ஒன்றும் சொல்லாமல் சகித்துக்கொண்டிருப்பார். நாயைத் தொட்டால் முறைப்படி கழுவ வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் பிள்ளைகளின் மெத்தையில் நம் நாயின் உண்ணி ஊர்வது நியாயம் இல்லை. தெரிந்தவுடன் போய்ச் சொல்லுங்கள், மருந்து அடிக்கும் நாளை இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வையுங்கள். சகிப்பு தீர்ந்து வெடிக்கும் சண்டையில்தான் பல நாய்கள் தெருவுக்குப் போகின்றன.

தெருவுக்குப் போன நாயின் கதி நமக்குத் தெரியும். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க் கடி நோய் வந்தபோது எத்தனை நாய்கள் பிடிபட்டுச் செத்தன என்பதைப் பார்த்தவர்கள் நாம். உண்ணி நிறைந்துவிட்டது என்று சந்தைப் பக்கமோ செம்பனைக் காட்டிலோ இறக்கிவிடுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி வளர்ப்பவருக்குப் பொறுப்பு உண்டு. கொடுமை செய்தால் 20,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சட்டத்துக்குப் பயந்து வளர்க்கச் சொல்லவில்லை. உண்ணி தீரக்கூடிய பிரச்சினை. மூன்று மாதம் பொறுத்தால் பெரும்பாலும் தீரும்.

கடைசியாக அந்தச் செவலை நாய்க்காக ஒன்று கேட்கிறேன். தெரியாமல் எதையாவது பூசிவிட்டீர்கள், நாய் நடுங்குகிறது, எச்சில் வடிகிறது என்றால் முதலில் உங்கள் கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டு நாயைக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாலோ எண்ணெயோ ஊற்றாதீர்கள். பக்கத்தில் இருக்கும் கால்நடை கிளினிக்குக்கோ மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கோ உடனே கிளம்புங்கள். ஒவ்வொரு நஞ்சுக்கும் வைத்தியம் வேறு. பெயர் தெரிந்தால்தான் சரியான ஊசி. எங்கள் கிளினிக்கில் யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள். வரும்போது அந்தப் போத்தலை மறைக்காமல், மூடியை இறுக்கி, பையில் போட்டுக் கையோடு கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
தோட்டத்தில் வளர்ந்த உங்கள் தங்கை